மூன்றாம் தரம்

மூன்று மாதமாய் என்மேல் ஒரு பிராது:
கித்தேரியான் கம்பெனிக்காரனிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டான்,
அவன் தலையாட்டினால்தான் ஏலம் முடிகிறது.

தெற்குவாடி மணலில்
விளமீன் குவியலுக்கு முன்னால் நின்று
முந்நூறு, முந்நூற்றுப் பத்து என்று நான் கூவும்போது
இடப்பக்கம் அருளாயி இரண்டு விரல் காட்டினாளாம்.
வலப்பக்கம் சீனி மீராசா துண்டை அசைத்தாராம்.
எனக்குத் தெரிந்தது
எதிரே நின்ற கம்பெனிக்காரன் மட்டும்.
மூணு தரம் சொல்லி முடித்தேன்.

"கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள் அருளாயி.
வசவுதான்.
நானும் வசவாகவே எடுத்துக்கொண்டேன்.

பின்னே?
பாலத்துக்கடியில் போகும் வள்ளத்தின் நம்பரை வாசிப்பவன் நான்.
செவுளின் சிவப்பைப் பத்தடி தள்ளி நின்று சொல்வேன்.
வலியில்லை, உறுத்தலில்லை.
நங்கூரக் கயிற்றில் இரண்டு முறை இடறி விழுந்தேன்,
கயிறு போட்டவனைத் திட்டினேன்.

கண் முகாமுக்குப் போனது
கண்ணாடி இனாம் என்றதால்.
எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டு எழுந்தவனை
உட்காரச் சொன்னார் டாக்டரம்மா.
கருவிழியில் காற்றை ஊதிப் பார்த்தது ஒரு கருவி.
ராமநாதபுரம் வரச் சொன்னார்கள்.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம்,
தலையே உள்ளே போகும் அளவு.
தாடையை ஊன்று. நடுப்புள்ளியை மட்டும் பார்.
வெளிச்சம் மினுங்கினால் பொத்தானை அமுக்கு.
அமுக்கினேன்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் மினுங்கவில்லை.
மெஷின் ரிப்பேரா என்றேன்.
"மினுங்கிக்கிட்டுத்தாண்ணே இருக்கு" என்றது அந்தப் பிள்ளை.

அந்தக் கிண்ணத்துக்குள்தான்
அருளாயியின் இரண்டு விரலை முதன்முதலாகப் பார்த்தேன்.

கண்ணழுத்தம் என்றார்கள்.
போனது போனதுதான்,
மிச்சத்துக்கு ராத்திரிக்கு ஒரு சொட்டு, சாகும்வரை.

குருடு கறுப்பாய் வரும் என்றிருந்தேன்.
அது ஆள் நிற்கும் இடத்தில்
ஆளில்லாத கடற்கரையை வைத்துவிட்டுப் போகிறது.

இப்போது டேபிள் ஃபேன்போலத் தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுகிறேன்.
பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
அருளாயி விரலை மடக்கிவிட்டு
வாய்விட்டே விலை கேட்கிறாள், நேற்று பத்து ரூபாய் கூடுதலாக.

கூடப் பிறந்தவர்களையும் கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா.
தம்பி விசைப்படகு ஓட்டுகிறான்,
ராத்திரியில், பாறைக்கும் பாலத்தூணுக்கும் நடுவே.
கேட்டால்,
"எனக்கு எல்லாம் தெரியுதுண்ணே" என்கிறான்.