உப்புக்கு உருகுமா

உப்புக்கு உருகும் என்கிறான் ஷாஹுல்.
"அது ரெண்டாம் பதிப்புடா, இப்ப செல்லாது" என்கிறான் யேசுபாதம்.
மணி ஒன்றரை. வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பிளைவுட் பலகை,
அதில் சாக்பீஸால் ஒரு சதுப்புநிலம்.
நடுவில் சேற்றுவாயன்:
நசுங்கிய சோடா மூடி,
கண்கள் மட்டும் டெல்பினின் நெயில்பாலிஷ்.

முதல் பதிப்பில் அவனுக்கு நாலே வரி.
கப்பலில் வந்த யாரோ விட்டுப்போன புத்தகத்தின்
ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்.
படத்தில் முகம் இல்லை, மை இருந்தது.
இருப்பிடம்: கழிமுகம், குப்பைமேடு, புகை அடங்காத இடங்கள்.
கூட்டமாகத் திரிவான். புத்தி மட்டு.
இயல்பு: தீமை, எப்போதும்.
எப்போதும் என்பதற்கு அடியில்
யாரோ பென்சிலால் கோடு கிழித்திருந்தார்கள்.
அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு.
அந்தக் கோடை லீவில் எழுபத்திரண்டு பேரைக் கொன்றோம்.
ஒருவனிடமும் பேர் கேட்கவில்லை.

ரெண்டாவதை எழுதினவர் பொறுமைசாலி.
எட்டுப் பக்கம்.
என்ன தின்பார்கள், எத்தனை மாதம் சுமப்பார்கள்,
செத்தவனை ஏற்றநீர் வரும்வரை வைத்திருந்து
பிறகுதான் புதைப்பார்கள் என்பதுவரை.
கடைசி வரியில்தான் அந்த உப்பு.
டெல்பின் அப்பாவுக்குக் காசிமேட்டில் படகு.
"கழிமுகத்துல கெடக்குறவன் உப்புக்கு உருகுவானா?
எழுதினவன் கடலைப் பார்த்திருக்கானா?"
என்று அன்றைக்கே கேட்டாள்.
ஆனாலும் ஒரு வாரம் அவள் வாளைத் தொடவில்லை.

மூன்றாவதில் உப்பும் இல்லை, புதைப்பதும் இல்லை.
பலம் பதினேழு, வேகம் ஒன்பது,
கடித்தால் இவ்வளவு, பிறாண்டினால் இவ்வளவு.
மாற்றியதற்கு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.
நாலாவது பதிப்பை எங்களில் யாரும் வாங்கவில்லை.

இப்போது ஐந்தாவது. வழவழத் தாள், கலர் படம்,
அவனுக்கு இமைகூட வரைந்திருக்கிறார்கள்.
சேற்றுவாயர்கள் தீயவர்கள் எனப் பயணிகள் சொல்வதுண்டு
என்று தொடங்குகிறது.
சொல்வதுண்டு.
நான் ரெண்டு தரம் சத்தமாகப் படித்தேன்.

வேலைக்கு மனுப் போட்டபோதெல்லாம்
வியாசர்பாடியைப் பெரம்பூர் என்று எழுதியவள் நான்.
கிண்டியில் ஒருவர், டை கட்டியவர்,
"அந்தப் பக்கமா? ராத்திரியில பயமா இருக்காதா?" என்றார்.
பெரம்பூரில் அவ்வளவு இல்லை சார் என்றேன்.
அது என் மூன்றாம் பதிப்பு.
அதற்கும் விளக்கம் எழுதவில்லை.

"சரி, உப்பு செல்லாது" என்றான் ஷாஹுல்.
"அப்ப அந்த எழுபத்திரண்டு பேரு?
அவங்க எந்தப் பதிப்புல செத்தாங்க?"
யேசுபாதம் பக்கத்தைத் திருப்பினான், திருப்பி வைத்தான்.
கொடுங்கையூர் பக்கமிருந்து எரிவாடை வந்தது.
பேசின் பிரிட்ஜில் ஏதோ ரயில்
சிக்னலுக்கு நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் அவன்கிட்ட பேசுறேன்" என்றேன்.
"எந்த பாஷைல?"
தேடினான். பொதுமொழி புரியும்,
பேச விரும்பமாட்டான் என்று இருந்தது.
"உருட்டு. பதினஞ்சுக்கு மேல வரணும்."

உருட்டினேன். இருபது முகக் காய்
பலகையைத் தாண்டி, கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியாக
நாலு மாடி கீழே.

செல்போன் வெளிச்சத்தில் மூன்று பேர் இறங்கினோம்.
சாக்கடை மூடிக்கும் தூங்குகிற நாய்க்கும் இடையில்
ஒரு செங்கல்லில் சாய்ந்து நின்றது.
பதினெட்டு என்றாள் டெல்பின்.
ரெண்டு என்றான் யேசுபாதம்.
நாய் எழுந்து மோந்து பார்த்துவிட்டுத்
தள்ளிப் போய்ப் படுத்தது.

மேலே வந்தபோது
சேற்றுவாயன் இருந்த இடத்திலேயே இருந்தான்.
காவலுக்கு விட்டுப்போன ஷாஹுல்
மாங்காயைத் தொட்டுத் தொட்டு
உப்பு முழுவதையும் தின்று தீர்த்திருந்தான்.