அடையாளம் தெரியாத சுமை

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
பெயர்கள் கிடையாது, ஒப்பந்தம் அப்படி.
விண்டர்தூர் மின் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
நொடிக்கொரு எண்ணாக வந்து விழுகிறார்கள்.

ஃபிரிட்ஜுகள் மூச்சு விடுவது தெரியும்.
நாலு நாற்பதுக்குக் காபி போடும் எண்பத்தெட்டாம் வீடு
ஞாயிறன்றும் அதே நேரத்துக்கு எழுவது தெரியும்.
மற்றதைக் கணினி சொல்லிவிடும்:
இது வெந்நீர்த் தொட்டி, இது சலவை இயந்திரம், இது டிவி.
நூற்று முப்பது சாதனங்களின் ரேகை அதற்கு மனப்பாடம்.

இருநூற்றுப் பதினேழில் திணறியது.
வெள்ளிதோறும் இரவு ஒன்பதுக்கு மேல்
நூற்றைம்பது வாட், அரைமணி நேரம்.
ஓர் இடைவெளி.
மறுபடி, கொஞ்சம் கனமாக, நாற்பது நிமிடம்,
நடுநடுவே பத்து நொடி நின்று நின்று.
"மீன்தொட்டி பம்பா?" என்றாள் உர்சினா.
"இல்லை, சின்னக் கடைசல் இயந்திரம்.
யாரோ ரகசியமாய் மரப்பொம்மை செய்கிறார்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

முதலில் உளுந்து.
மாவு பொங்கப் பொங்க மின்னோட்டம் இளகுகிறது.
நிற்கும் அந்தப் பத்து நொடியில்
ஒரு கை ஓரத்தை வழித்துத் தண்ணீர் தெளிக்கிறது.
உரலைக் கழுவாமலே அடுத்து அரிசி.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
கிரைண்டர் என்று எழுதிவிட்டால் போதும்,
இயந்திரம் ஒருமுறைதான் கேட்கும், பிறகு மறக்காது.
அந்தத் தெருவில், அந்த மின்மாற்றிக்குக் கீழே,
உளுந்து அரைக்கிற வீடு எத்தனை இருந்துவிடும்?
பெயரை அழித்த இடத்தில்
இட்லியே பெயராகிவிடும்.

"மோட்டார், சிறியது" என்று எழுதினேன்.
பொய்யில்லை.

பிப்ரவரியில் இரண்டு வெள்ளிக்கிழமை
வெறும் ஃபிரிட்ஜ் மட்டும்.
மூன்றாவது வெள்ளி ஓடியது.
உளுந்துக்குப் பன்னிரண்டு நிமிடம்,
அரிசிக்குப் பதினெட்டு.
பாதி அளவு.

யாராவது ஊருக்குப் போயிருக்கலாம்.
பிள்ளை ஜெனீவாவில் படிக்கப் போயிருக்கலாம்.
இட்லி சலித்து ரொட்டிக்கு மாறியிருக்கலாம்.
வேறு எதையும் நினைக்க எனக்கு அனுமதியில்லை.
நினைத்தேன்.

திங்களன்று அறிக்கை போக வேண்டும்.
"இருநூற்றுப் பதினேழில் என்ன மாற்றம்?" என்றாள் உர்சினா.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னேன்:
"சுமை குறைந்திருக்கிறது."

நல்லதுதானே என்று
குறித்துக்கொண்டாள்.