நிறை: முடிவிலி

பிர்னோவில் நவம்பர். நான்காம் மாடி.
டிராம் கம்பிகளில் மழை கோத்துக் கிடக்கிறது.
மேசையில் ஆறிய காபி, பாதி தின்ற கசகசா கொலாச்.
ஆறாம் பாகத்தில் பைக் வேண்டுமா வேண்டாமா
மூன்றாவது வாரமாகப் பேசுகிறோம்.

"ஐந்து பாகமும் கார். ஐந்திலும் பைக் எங்கே என்று கேட்டுவிட்டார்கள்"
என்கிறான் ராதிம். விற்பனைப் பிரிவு.
அவன் கணக்கில் பைக் என்பது பாதிக் கார்.
பாதி டயர். பாதிச் செலவு.

ஓல்ட்ரிஹ் சிரிக்கவில்லை.
பன்னிரண்டு வருஷம் சஸ்பென்ஷன் எழுதிய ஆள்.
"கார் நின்றால் நிற்கும்.
பைக் நின்றால் விழும்."
அன்று அவ்வளவுதான் பேசினான்.

என் வேலை மோதல்.
கதவு எப்படி நசுங்கும்,
கண்ணாடி எத்தனை சில்லாகும்,
பானெட் எந்தக் கோணத்தில் வாய் பிளக்கும்,
எல்லாம் நான் எழுதியவை.
பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டு ரத்தம் எழுதியதில்லை.
எங்கள் கார்களில் ஆள் கிடையாது.
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னே
ஒரு தலைக்கவசம், இரண்டு கையுறை,
நடுவில் காற்று.
முன்னூறு வேகத்தில் சுவரில் அறைந்தாலும்
பின்னோக்குப் பொத்தானை அழுத்தினால்
தகரம் தன்னைத்தானே நீவிக்கொண்டு
மறுபடி ஓடும்.

வெள்ளிக்கிழமை, சும்மா பார்ப்போமே என்று
ஒரு பைக்கை உள்ளே விட்டோம்.
ஓட்டுகிறவனை இன்னும் வரையவில்லை.
காலி இருக்கை. ஆக்சிலரேட்டர் தானாக முறுக்கிக்கொண்டது.
முதல் வளைவில் அது சாய்ந்தபோது
அறையில் நாற்காலி ஒன்று மட்டும் கிறீச்சிட்டது.
காலிக் கார் ஓடினால், அது கார்.
காலி பைக் ஓடினால்
யாரோ இப்போதுதான் விழுந்திருக்கிறார்.

"க்வெதா, ஆளைப் போடு" என்றான் ராதிம்,
குரலைத் தாழ்த்தி.

போடலாம்.
போட்டால் அவனுக்கு முதுகு வேண்டும்,
முழங்கால் வேண்டும்.
விழும்போது முதலில் போவது கையா தோளா
யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

சோதனைப் பிரிவு ஸ்தான்யா சொன்னாள்.
ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே ஓடுதளத்தில் ஓட்டுகிறவள்.
தோல் உடையை என் விசைப்பலகைமேலேயே விரித்தாள்.
இடது முழங்காலில் பிளாஸ்டிக் தட்டு
ஒருபக்கம் தேய்ந்திருந்தது, குளியலறைச் சோப்பு போல.
"இது நான் தேய்த்தது."
தோளில் ஒரு கிழிசல், பொருந்தாத நூலில் தையல்.
"இது ரோடு தேய்த்தது."

விளையாட்டில் பைக் வைத்தால் விளையாடுவாயா என்றேன்.
வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே,
"மாட்டேன்" என்றாள்.
"ஆனால் வைக்கணும்."

மூன்று ராத்திரி, பதினான்கு விழுதல்கள் எழுதினேன்.
எழுதியது கஷ்டமில்லை.
பின்னோக்குப் பொத்தானை அழுத்தினேன்.
சரளையில் கிடந்தவன்
கழுத்தால் உருண்டு, இடுப்பால் எழுந்து,
முதுகு முதுகாகக் காற்றில் ஏறி
இருக்கையில் வந்து உட்கார்ந்தான், ஒன்றும் நடக்காதவன்போல்.
தகரம் நிமிர்வதைப் பார்த்தே பழகிய கண்.
விளக்கைப் போட்டுவிட்டுச் சற்று நேரம்
சமையலறையில் நின்றேன்.

திங்கட்கிழமை ஓட்டெடுப்பு.
வேண்டும் மூன்று, வேண்டாம் நான்கு.
நான்காவது கை என்னுடையது.
ஸ்தான்யா பார்த்தாள்.

மார்ச்சில் வந்தது ஆறாம் பாகம். கார் மட்டும்.
திட்டினார்கள், வாங்கினார்கள்.
மூன்றாம் ஓடுதளத்தில்
கடைசிக் கொட்டகைக்குள் ஒரு சிவப்பு பைக் நிற்கிறது,
ஸ்டாண்டு போட்டு, கைப்பிடியில் தலைக்கவசம் மாட்டி.
அதை ஓட்ட முடியாது.
பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து
காரால் இடித்துப் பார்க்கிறார்களாம்.
நூறு. இருநூறு. முன்னூறு.
கார் சுருண்டு போகிறது.
அதன் கண்ணாடிகூடத் திரும்புவதில்லை.
பிழை என்று புகார் எழுதுகிறார்கள்.

பிழையில்லை.
நிறை என்ற கட்டத்தில்
எண் போடவேண்டிய இடத்தில்
முடிவிலி என்று போட்டது நான்தான்.
ஸ்தான்யாவிடம் மட்டும் சொன்னேன்.

"விழவே விழாதா?"
"விழாது."
"அப்போ அது பைக்கே இல்லை" என்றாள்.