எந்த ராத்திரி

மழைக்குக் காத்திருந்தோம், அதுதான் நிஜம்.
வெள்ளாமைக்காரர்கள் காத்திருந்த அதே மழைக்கு.
மேற்கே மின்னியதும் முதலாளி போனில் ஒரே சொல்:
'எறக்கிரு.'

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை.
நான் நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் இன்னாசிமுத்து.
வால்வு இடப்பக்கமாக எட்டுச் சுற்று.
நொய்யல் வாங்கிக்கொள்ளும்,
அன்று எந்தத் துணியோ அந்த நிறத்தில்.
ஆடியில் பெரும்பாலும் சிவப்பு.
எங்கேயோ பனி பெய்யும் ஊரில்
பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குப் போடும் பனியன்கள்.

சாம்பல் புதனன்று
கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து
கிளமெண்ட் சாமி கேட்டார்: 'எத்தனை தடவை?'
'பல தடவை சாமி.'
ஐந்து பரலோக மந்திரம், ஒரு சிலுவைப்பாதை,
'நட்டப்பட்டவங்களைப் போய்ப் பாரு.'
எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது.
அந்த லேசுதான் பயமாக இருந்தது.

எங்கள் பக்கம் கிடாய் வெட்டும் முன்
தண்ணீர் தெளித்துவிட்டு நிற்பார்கள்.
ஆடு துலுக்க வேண்டும்.
உடம்பை உதறினால் சம்மதம் என்று கணக்கு.
ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறும்,
அது வேறு விஷயம்.
ஒருவன்தான்
யாரும் தெளிக்காமலே
சரி என்றான்.
அதைப் பலி என்கிறோம். முழங்கால் போடுகிறோம்.
நானும் போட்டேன்,
சட்டைக் கையில் சாயக் கறையோடு.
நொய்யலை யார் கேட்டது?
நான் கொடுத்தது எதுவும் என்னுடையது இல்லை.

அணைக்குக் கீழே கரட்டுப்புதூர்.
தெய்வாத்தாள் கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தார்.
முப்பது தென்னை, முப்பதும் மொட்டை.
இரண்டு நாளாய்ப் பாடம் செய்த வார்த்தைகளைச் சொல்லி முடித்தேன்.
அழுதேன் என்றுகூட நினைக்கிறேன்.
அவர் கையைக் கழுவவில்லை.

'எந்த ராத்திரிங்க?'

'பல ராத்திரிங்க.'

'அதில்லீங்க. ஆடி அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள்
என்ற செவலை குறைக்கன்னு போட்டுச்சு.
தீவனத்துல என்னமோ கலந்து வெச்சுப்போட்டான்னு
பண்ணயத்துல இருந்த மாரப்பனை அடிச்சுத் தொரத்துனோம்.
ஊரே பாத்துட்டு இருந்துச்சு.
அதுக்கு மொத ராத்திரி தொறந்தீங்களா, இல்லீங்களா?'

எனக்குத் தெரியவில்லை.
மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் தேதி இல்லை.

பட்டறை லாக் புத்தகத்தில் என் கையெழுத்து.
'மழை' என்று எழுதினால் 'திறந்தோம்' என்று அர்த்தம்.
ஒரு சந்தி நாட்களில், சாப்பாட்டு நேரத்தில்,
பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம், பில்லின் பின்பக்கம்
ஒவ்வொன்றாக இறக்கினேன்.
அறுபத்தோரு மழை.
வானிலிருந்து பெய்தது எத்தனை என்று
இனி எவராலும் சொல்ல முடியாது.

அந்த ராத்திரி இருந்தது.
இரண்டு பத்து மணி. சிவப்பு. மழை.

மறுபடி போய்ச் சொன்னேன்.
அவர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.
மாட்டுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
'அப்ப மாரப்பன் இல்லை' என்றார்.
இன்னொரு முறை, மெதுவாக,
'மாரப்பன் இல்லை.'
பிறகு செருப்பைத் தேடினார்.

'காங்கயத்துக்கிட்ட எங்கியோ செங்கல் சூளைல இருக்கறானாம்.
வண்டிய எடுங்க. நீங்களும் வரோணும்.
நான் சொன்னா நம்ப மாட்டான்.'

என்னை மன்னித்தாரா என்று கேட்க
அந்தப் பெண்மணிக்கு அப்போது நேரமில்லை.
பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து
மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.
உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

ஊதியூர் தாண்டும்போது மேற்கே மின்னியது.
கோடை மழை, நிஜமானது.
ஆக்சிலேட்டரில் இருந்த என் கை
ஒரு கணம்
வால்வைத் தேடியது.