ஒரு வளைவு முந்தி

முதலில் நாக்கின் இடப்பக்கம்.
ஐந்து ரூபாய்க் குத்தியை
யாரோ கன்னத்துக்குள் ஒளித்துவைத்தது போல.

பிறகு எச்சில்.
விழுங்க விழுங்க நிறையும்,
பீலியடியில் வைத்து மறந்த வாளி.

பிறகு உதடு தானாகச் சப்புக்கொட்டும்.
அதற்குள் நான் ஃபுட்போர்டை விட்டு
உள்ளே வந்திருக்க வேண்டும்.

ஹட்டன் – நுவரெலியா தனியார் பஸ்.
கொண்டக்டர் வேலை, பதினோரு வருசம்.
கொட்டகலை தாண்டினால் வளைவுகளை நான் எண்ணுவதில்லை,
இடுப்பு எண்ணிக்கொள்ளும்.
ருசி வருவதற்கும் நான் இல்லாமல் போவதற்கும் நடுவே
ஒரு வளைவு இருக்கிறது.
சில நாள் நீளமானது.
சில நாள் ஹோர்ன் அடிக்கும் முன்னே முடிந்துவிடும்.

தகரத்தில் இரண்டு தட்டு, போகலாம்.
ஒன்று, நிறுத்து.
மூன்று எங்கள் இருவருக்கு மட்டும்.
லலித்சிறி கண்ணாடியில் பார்ப்பான்,
பாட்டை அணைப்பான்,
"மல்லிட்ட சனீப்ப நே" என்று
முன்சீட்டை எழுப்புவான்.

முதல் தடவை அப்படி இல்லை.
காசு எண்ணிய விரல் வாய்க்குப் போயிருக்கும் என்று
சட்டை துவைக்கும் சவர்க்காரத்தால்
நாக்கையே கழுவினேன்.
அடுத்த வாரம் லிந்துலையில் விழுந்தேன்.
விழித்தபோது
கை நிறையச் சாவி.
லயத்துச் சாவி, பெட்டிச் சாவி,
யாரோ ஒருவருடைய ஆட்டோச் சாவி,
ஒரு கவ்வாத்துக் கத்தி.
இரும்பைக் குடுங்க, இரும்பைக் குடுங்க என்று
பஸ்ஸே கத்தியதாம்.
வாய் நிறைய இரும்போடு போனவனுக்குக்
கையிலும் இரும்பு.
சிரிக்கப் பார்த்தேன். நாக்கு கடிபட்டிருந்தது.
இரத்தத்துக்கும் அதே ருசி.

டிக்கோயா கிளினிக்கில் டொக்டர் மிஸ் கேட்டார்,
என்ன ருசி?
கறள் என்றேன்.
பிறகு, கறள் இல்லை என்றேன்.
பற்றரியை நக்கியிருக்கிறீங்களா மிஸ்?
மழை விழுமுன் தகரக்கூரை ஒரு மணம் விடுமே,
அதை நாக்கில் வைத்தால்,
இல்லை, அதுவும் இல்லை.
நர்ஸ் இவ்வளவையும் சிங்களத்தில்
ஒரே சொல்லாகச் சொன்னார்.
மிஸ் அந்த ஒன்றை எழுதிக்கொண்டார்.

மூளையில் ருசிக்கென்று ஒரு மூலை உண்டாம்.
அங்கேதான் பொறி தட்டுகிறதாம்.
நாக்கில் ஒன்றுமே இல்லையாம்.

ஒன்றுமே இல்லாததை
பதினெட்டு மாதம் விழுங்கியிருக்கிறேன்.

மாத்திரை தூக்கம் தரும்.
தூங்கி வழிந்தால் கணக்கு உதைக்கும்,
கணக்கு உதைத்தால் முதலாளி.
ஆகவே ஒன்று விட்டு ஒரு நாள்.
வீட்டில் சொல்லவில்லை.

வலிப்புக்குப் பிறகு இரண்டு நாள்
சோறும் காசு, தேத்தண்ணியும் காசு.
"உப்பு பாருங்க" என்று ஞானசௌந்தரி
அகப்பையை நீட்டுவாள்.
சரியா இருக்கு என்பேன்.
ஒரு ராத்திரி கருவாட்டுக் குழம்பா பருப்பா தெரியாத
எதையோ நீட்டினாள்.
சரியா இருக்கு.
உப்பே போடவில்லை, புளியும் இல்லை, வெறும் கழனித்தண்ணி.
அவள் ஒன்றும் பேசவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டு
என் பையிலிருந்த மாத்திரைக் கவரைப் பாயில் கொட்டி
எண்ணத் தொடங்கினாள்,
நான் நாள்முடிவில் எண்ணுகிற மாதிரியே,
பத்துப் பத்தாக.

இப்போது ஒழுங்காகப் போடுகிறேன்.
விழுவதில்லை.
ருசி மட்டும் எப்போதாவது தனியாக வரும்,
ஆள் மாறிக் கதவு தட்டியவன் போல.

நேற்று செயின்ட் கிளேயரில் வந்தது.
மூன்று தட்டு.
பாட்டு நின்றது.
கொழுந்துச் சாக்கோடு இருந்த அக்கா தள்ளி இடம் கொடுத்தார்.
அருவிப்பக்கத்துச் சாரல் கண்ணாடியில் ஏறியது,
எச்சில் ஏறியது,
வளைவு வந்தது.
வளைவு போனது.
அடுத்ததும் போனது.
நான் இன்னும் சீட்டில்தான் இருந்தேன்,
யாரோ தவறவிட்ட பொதியைப் போல.

தலவாக்கலையில் அக்கா இறங்கும்போது
மிச்சக் காசு கேட்டார்.
எண்ணிக் கொடுத்தேன்.
"அஞ்சு ரூவா கொறையுது தம்பி."

பையில் தேடினேன். சட்டையில் தேடினேன்.
இடக்கை மூடியே இருந்தது.
விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
குத்தி
உள்ளங்கையில் அச்சாகப் பதிந்து,
ஈரமாக, சூடாக.