மைனஸ் நாற்பது

மஞ்சள் வண்டி. இரண்டே கதவு.
பாடி மேம்பாலத்துக்குக் கீழே
என் ஷெட்டுக்குள் நுழையும்போது
அடிவயிறு சிமெண்டில் உரசியது.
இறங்கிய ஆள் முதலில் காட்டியது
வண்டியை அல்ல, ஒரு குயர் நோட்டு.
தேதி, லிட்டர், கிலோமீட்டர்,
சிவப்பு மையில் வகுத்தல் கணக்கு.
சோழிங்கநல்லூரிலிருந்து அம்பத்தூர்
லிட்டருக்கு நான்கு புள்ளி ஒன்று.
திருவான்மியூர் சிக்னலில் நின்று நின்று
மூன்று புள்ளி ஆறு.
"டேங்க்ல ஓட்டையான்னு பாருங்கக்கா."
ஓட்டை இல்லை.
புகைக்குழாய் வாயில் விரலை விட்டேன்,
கண்மை வந்தது.

ஏற்கெனவே மூன்று பேர் பார்த்தாயிற்று.
கிண்டியில் பிளக் நான்கையும் மாற்றினார்கள்,
அண்ணா நகரில் இன்ஜெக்டரைக் கழுவினார்கள்,
கம்பெனியில் "மூளை போச்சு சார்" என்று
ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட்.
அதை மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தார்
ஆஸ்பத்திரிச் சீட்டுபோல.

லேப்டாப்பைச் செருகினேன்.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
தகரக்கூரை வெயிலில் முறிந்து முறிந்து சத்தமிட,
பாட்டில் தண்ணீர் டீ போடும் பக்குவத்துக்கு வர,
திரையில் ஒரு வரி:
கூலண்ட் வெப்பம் மைனஸ் நாற்பது.

"செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா?"
எதுவானாலும் அதேதான் சார்.
அந்த ஓர் இடத்தில்தான்
இரண்டும் சண்டை போடாது.

அலுமினியப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அது
வெயிலைப் பார்த்ததில்லை.
நூறடி ரோட்டைப் பார்த்ததில்லை.
வயர் சொல்வதுதான் அதற்கு ஊர்.
வயர் வாயடைத்துப் போனால்
அந்த மௌனத்துக்குப் பனி என்று பொருள்.
விறைத்துக் கிடப்பதாக நினைத்த இன்ஜினுக்கு
ஊட்டு ஊட்டென்று ஊட்டியிருக்கிறது பெட்ரோலை.
கொஞ்சம் சந்தேகமும் இருந்திருக்க வேண்டும்,
பனியில் நிற்பதாக நம்பிக்கொண்டே
விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தது.

பில்லுக்குப் பேர் கேட்டேன்.
"பத்ரிநாத்."
அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.
அவருக்கு ஏனென்று விளங்கவில்லை.

ஒரகடத்தில் எட்டு வருஷம்
ஹார்னெஸ் லைனில் நின்றவள் நான்.
ஷிஃப்டுக்கு அறுபது காரின் நரம்பு
இந்தக் கைவழியாகப் போயிருக்கிறது.
அவசரத்தில் என் பிள்ளைகள் பேர் மாறிவிடும்,
வயர் நிறம் மாறாது.
பழுப்பில் மஞ்சள் கோடு.
பேட்டரித் தட்டுக்குப் பின்னால் கையை நுழைத்து
முழங்கைவரை கீறலோடு தேடியதில்
கிடைத்தது பெருச்சாளியின் வேலை.
ஒரே கடி. சுத்தமான கடி.
பக்கத்தில்
மசால்வடை மடித்த தாள், அதுவும் பாதிதான்.

இரண்டு இன்ச் வயர், ஒரு சாலிடர், ஒரு ஸ்லீவ்,
நானூற்றைம்பது ரூபாய்.
எஸ்டிமேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இரண்டில் எது ஏமாற்று என்று தெரியாத முகம்.
சாவியைத் திருப்பினார்.
எண் துள்ளி எண்பத்தொன்றில் நின்றது.
விசிறி வாயே திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மறுபடி வந்தார்.
நோட்டு இல்லை.
லிட்டருக்குப் பத்து புள்ளி இரண்டு என்றார்,
துக்கம் சொல்லும் குரலில்.
பையன்களை டீக்கு அனுப்பினேன்.
"அக்கா, கியர் குறைச்சா
பின்னால பட் பட்னு வெடிக்கும்.
ஈசிஆர்ல பசங்க திரும்பிப் பாப்பாங்க.
இப்ப யாரும் பாக்கறதில்ல.
அத மட்டும் திரும்ப வைக்க முடியுமா?"

எரியாமல் போன பெட்ரோல் சார் அது,
உங்க சம்பளம் வெடிச்ச சத்தம் என்றேன்.
"தெரியும்."

ஒரு சின்ன ஸ்விட்ச் போதும்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
முட்டுக்காடுவரை பனி பெய்யும்.
எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுப்
பர்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார்.
வயருக்கு விலை தெரியும், ஸ்விட்சுக்குத் தெரியும்.
மூன்றாவது வரியில் என்ன எழுதுவதென்று
பில் புத்தகத்தில்
பேனாவை ஊன்றிக்கொண்டு இருக்கிறேன்.