பதினெட்டில் ஒன்று

கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்க
ஷோகேஸைக் காலி செய்தபோதுதான்
அந்தக் காரை முதன்முதலாகக் கையில் எடுத்தேன்.
நல்ல கனம். குழித்துறை ஆற்றுக் கல்போல
உள்ளங்கையில் குளிர்ந்து உட்கார்ந்தது.

வெள்ளை உடம்பு, பச்சைப் பட்டை, எண் முப்பத்தொன்று.
பின்மூடியைத் தூக்கினால்
தையல் நூல் கனத்தில் வயர்கள், ஊசிமுனைக் குழாய்கள்.
இருக்கையில் ஒரு வார், வாரில் ஒரு கொளுக்கி,
கொளுக்கியில், சத்தியமாக, ஒரு ஓட்டை.
மார்த்தாண்டத்தில் பல் கட்டும் லேபில் வேலை எனக்கு.
கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை
மெழுகில் செதுக்கிச் செதுக்கி நிமிர்கிறவள்.
இதைச் செய்தவனுக்கும் கழுத்துவலி இருந்திருக்கும்.

ஆனால் என்ன அழுக்கு!
கதவோரம் கரிப்புகை, சக்கரத்துக்கு மேலே எண்ணெய்க் கசிவு,
முகப்பு நிறைய செத்த பூச்சிகள்.
மூணு வருஷமாக இந்த மனுஷன் துடைக்கவே இல்லையே என்று
பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து
வலப்பக்கம் முழுக்கத் துடைத்தேன்.
பஞ்சு கறுத்தது. மனசு நிறைந்தது.

அப்புறம்தான் கண்ணாடி போட்டு
அடிப்பலகையின் எறும்பெழுத்தை வாசித்தேன்:
இருபத்துநாலு மணிநேரம் ஓடி முடித்த நிலையில்.
போனில் தேடினேன்.
சுத்தமான வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது.
காசெல்லாம் அந்த அழுக்குக்குத்தான்.
கொச்சியில் ஒரு கப்பல் சமையல்காரரிடம் வாங்கியது,
ஆயிரத்து நூறு என்று பெர்க்மான்ஸ் சொன்னது,
பதினோராயிரம்.

அவர் அப்போது தேங்காப்பட்டணத்து ஐஸ்மீனோடு
கோழிக்கோட்டுப் பாதையில்.
எனக்கு இரண்டு ராத்திரி இருந்தது.
வெற்றிலைக்கறை போட வைத்திருக்கும் பழுப்பு,
தேயிலைக்கறைக்கு ஒரு மஞ்சள், பீடிக்காரர்களுக்கு ஒரு கறுப்பு,
மூன்றையும் குழைத்து
ஒற்றைமயிர்த் தூரிகையால்
ஒரு மழையையே வரைந்து முடித்தேன்.

செவ்வாய் விடியலில் மீன்வாடையோடு வந்தவர்
சட்டையைக் கழற்றுமுன் அதைப் பார்த்தார்.
ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பினார்.
"ஷைனி, இது நிக்குத வண்டிக்க அழுக்கு."

"அழுக்குல என்ன, நிக்குததும் ஓடுததும்?"

கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.
லாரியின் எஞ்சின் இன்னும் சுட்டது.
கேபின் கதவில் சேறு, மீன்தண்ணீர், எங்கோ பெய்த மழை,
எல்லாம் படுக்கையாக,
எண்ணெய் வைத்துப் பின்னுக்கு வாரிய தலைமுடி மாதிரி.
"பாரு. ஒண்ணாவது கீழ எறங்கியிருக்கா?"

என் மழை நேராக இறங்கியிருந்தது.
எங்கள் வீட்டுச் சுவரில் இறங்குவதுபோல.

அவர் குளித்துவிட்டுத் தூங்கப் போனார்.
பதினோராயிரத்தைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்று மாலை லேபில் எல்லாரும் போனபிறகு
துடைத்துவிட்டு மறுபடி பூசினேன், கொஞ்சம் நீர்க்க.
அச்சுகளை உலர்த்தும் காற்றுக்குழாயை எடுத்து
முகப்புக்கு எதிரே பிடித்து அழுத்தினேன்.
துளிகள் நடுங்கின. படுத்தன. ஓடத் தொடங்கின.
கதவில் எழுதியிருந்த இரண்டு ஓட்டுநர் பெயர்களைத் தாண்டி,
சக்கர வளைவைத் தாண்டி,
ஒன்று மட்டும் கூரையேறி அந்தப்பக்கம் போய்விட்டது.
அதை அப்படியே விட்டேன்.
கம்ப்ரசர் தடதடத்தது. ஜன்னலுக்கு வெளியே
மேம்பாலத்தில் விளக்குகள் போய்க்கொண்டே இருந்தன.
முப்பத்தொன்றை இடதுகையால் இறுகப் பிடித்திருந்தேன்,
விட்டால் போய்விடும் என்பதுபோல.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது.
"களியக்காவிளை தாண்டியாச்சு. மழை."

"எங்கேயிருந்து அடிக்குது?"

கொஞ்சநேரம் வைப்பர் சத்தம் மட்டும்.

"முன்னால இருந்துதான்" என்றார்.